எதிரே கேட்பது யார்? இணைய ஏலத்தில் ஆள் வைத்து விலை ஏற்றும் தந்திரம்

ஏலக் கூடத்தில் எதிரே கேட்பவரின் முகம் தெரியும். "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கூவும்போது அவர் தயங்குகிறாரா, பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுக்கிறாரா, விற்பவரைப் பார்த்துத் தலையசைக்கிறாரா என்பதெல்லாம் கண்ணில் படும். இணைய ஏலத்தில் கண்ணில் படுவது ஒரு மறைபெயர்: ஒரு எழுத்து, மூன்று நட்சத்திரக் குறி, இன்னொரு எழுத்து. அதற்குப் பக்கத்தில் ஒரு தொகை. அவ்வளவுதான்.

நான் பழைய ஃபிலிம் கேமராக்களும் லென்ஸ்களும் சேர்ப்பவன். சில வருடங்களுக்கு முன் 1950களின் லென்ஸ் ஒன்றுக்கு இணையத்தில் ஏலம் கேட்டேன். என் உச்சவரம்பைப் பதிந்துவிட்டுப் போய், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் விலை ஏறியிருந்தது. ஒரே கணக்கிலிருந்து சின்னச் சின்னத் தொகையாக ஏழு முறை கேட்டிருந்தார்கள். என் வரம்புக்கு ஒரு படி கீழே வந்ததும் நின்றுவிட்டார்கள். லென்ஸ் எனக்கே கிடைத்தது, மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். அடுத்த மாதம் அதே விற்பனையாளரின் வேறு மூன்று ஏலங்களில் அதே மறைபெயர் வடிவம் கண்ணில் பட்டது. மூன்றிலும் அதே நடை, மூன்றிலும் தோல்வி. அந்த ஆள் போலி என்று என்னால் நிரூபிக்க முடியாது. லென்ஸும் நல்ல லென்ஸ்தான். ஆனால் அந்த ஏழு கேட்புகள் இல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன விலை கொடுத்திருப்பேன் என்பது இனி எனக்குத் தெரியப்போவதே இல்லை. இந்த மோசடியில் இழந்தது எவ்வளவு என்றே தெரியாமல் இழக்கிறோம். அதனால்தான் அது இத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது.

ஆங்கில வழக்கில் இதற்கு ஷில் பிட்டிங் என்று பெயர். தமிழில் நேராகச் சொன்னால், ஆள் வைத்துக் கேட்பது. விற்பவரே இன்னொரு கணக்கு திறந்து கேட்கலாம், நண்பரையோ உறவினரையோ கேட்கச் சொல்லலாம், நாலு விற்பனையாளர்கள் கூடிப் பேசி ஒருவர் பொருளுக்கு மற்றவர் கேட்கலாம். கேட்பவருக்குப் பொருள் வேண்டாம், உண்மையாக வாங்க வந்தவரை மேலே தள்ளுவதற்காகவே அவர் கேட்கிறார். அவ்வளவுதான் இதன் இலக்கணம்.

இது எப்படிப் பலிக்கிறது என்று புரிய வேண்டுமானால், இணைய ஏலம் விலையை எப்படி நிர்ணயிக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஈபே போன்ற தளங்களில் நீங்கள் பதிவது உங்கள் உச்சவரம்பு. அதைத் தளம் வெளியே காட்டாது. உங்கள் சார்பில் தளமே கேட்கும், அதுவும் தேவையான அளவுக்கு மட்டும். ஒரு பழைய பெட்டிக் கேமரா 50க்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (எந்த நாணயமாகவும் இருக்கட்டும், ஒரு படி 5 என்று கொள்வோம்). நீங்கள் 200 வரை போகத் தயார். இன்னொருவர் 120 வரைதான் தயார். அவர் கேட்டு முடித்ததும் திரையில் விலை 125 என்று நிற்கும். வேறு யாரும் வராவிட்டால் நீங்கள் கொடுப்பது 125தான், 200 அல்ல. வெல்பவர் அதிக விலை சொன்னவர். ஆனால் கொடுக்கும் விலையைத் தீர்மானிப்பது இரண்டாவதாக நிற்பவர்.

இந்த ஏற்பாட்டின் தர்க்கத்தை வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் 1961இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். மூடிய உறையில் விலை கேட்டு, வென்றவர் இரண்டாவது உயர்ந்த விலையைக் கொடுத்தால் போதும் என்று விதி இருந்தால், யாரும் தந்திரம் பண்ணத் தேவையில்லை; தன் மனதில் உள்ள உண்மையான மதிப்பைச் சொல்வதே ஒவ்வொருவருக்கும் நல்லது. 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது, மூன்றே நாளில் இறந்துபோனார். ஆனால் கட்டுரை வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1893இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அஞ்சல்தலை வியாபாரிகள் தபால் வழியாக இதே முறையில் ஏலம் நடத்தியிருக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் தங்கள் உச்சவிலையைக் கடிதத்தில் எழுதி அனுப்புவார்கள். வென்றவர் இரண்டாவது விலையை ஒட்டிக் கொடுத்தால் போதும். ஆக, நாம் இன்று திரையில் பார்க்கும் ஏலமுறை சேகரிப்பாளர்களின் வீட்டுப் பிள்ளைதான்.

அதன் பலவீனமும் அன்றிலிருந்தே கூட வருகிறது. கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் வியாபாரிக்கு முதலாமவர் 200 வரை தயார் என்பது தெரியும். இரண்டாமவர் 120 என்று எழுதியிருந்தால், 195 என்று இல்லாத ஒருவரின் கடிதத்தை இடையில் செருக அவருக்கு எத்தனை நேரம் ஆகும்? இரண்டாவது விலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால், பொய் சொல்ல விரும்புகிறவர் கை வைக்கும் இடமும் அந்த இரண்டாவது விலைதான்.

இணையத்தில் அந்தக் கடிதக் கட்டு விற்பவர் கையில் இல்லை, தளத்தின் கையில் இருக்கிறது. உங்கள் உச்சவரம்பு விற்பவருக்குத் தெரியாது. அதனால் ஆள் வைத்துக் கேட்பவர் தடவித் தடவித்தான் மேலே போக வேண்டும். 140 கேட்பார், திரை 145 என்று காட்டும், நீங்களே முன்னிலை. 160 கேட்பார், 165. 180 கேட்பார், 185. இங்கே அவர் நின்றுவிட்டால், 125க்குக் கிடைத்திருக்க வேண்டியது உங்களுக்கு 185 ஆகிறது. "என் வரம்புக்குள்தானே வாங்கினேன்" என்று மனம் ஆறுதல் தேடும். அந்த ஆறுதலை நான் ஏற்க மாட்டேன். அந்த 60 உங்கள் பணம்.

அவர் ஒரு படி அதிகம் போய்விட்டால் பொருள் அவர் தலையிலேயே விழும். தளத்துக்குக் கட்டணம், மறுபடி பட்டியலிடும் வேலை, கேள்விகள். ஆகவே ஆள் வைத்துக் கேட்பவர் ஒரு விசித்திரமான ஏலதாரர்: தோற்பதற்காகவே கேட்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் அடையாளங்கள் எல்லாம் தானாகவே விளங்கும்.

தடவிப் பார்க்காமல் உங்கள் வரம்பைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள ஒரு குறுக்கு வழியும் உண்டு. கேட்பைத் திரும்பப் பெறும் வசதிதான் அது. தொகையைத் தப்பாகத் தட்டிவிட்டவர்களுக்காகத் தளங்கள் வைத்திருப்பது. மோசடிக்காரர் முதல் கணக்கிலிருந்து 250 என்று ஒரே தாவாகக் கேட்பார். திரை 205 என்று காட்டும், அவர் முன்னிலை. உங்கள் உச்சவரம்பு 200 என்பது இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. உடனே "தவறாகப் பதிந்துவிட்டேன்" என்று அந்தக் கேட்பைத் திரும்பப் பெறுவார். விலை பழையபடி 125க்கு இறங்கும், நீங்கள் மீண்டும் முன்னிலை, உங்களுக்கு எதுவும் நடந்ததாகவே தோன்றாது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கணக்கிலிருந்து 195 வரும். விலை 200. உங்கள் பையில் இருந்த கடைசிக் காசு வரை எண்ணி எடுத்தாயிற்று. இதைத் தடுக்கத்தான் ஈபேயில் ஏலத்தின் கடைசி 12 மணி நேரத்தில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: அந்த நேரத்தில் பதிந்த கேட்பை, பதிந்த ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே திரும்பப் பெற முடியும். அதற்கு முன்பு நடக்கும் திரும்பப் பெறுதல்கள் ஏல வரலாற்றில் பதிவாகி நிற்கும், பார்க்கத் தெரிந்தவருக்குத் தெரியும்.

பழம்பொருட்களில் இது ஏன் அதிகம் எடுபடுகிறது? புதுக் கைபேசிக்கு ஆள் வைத்து விலை ஏற்ற முடியாது. கடை விலை என்ன என்று எல்லோருக்கும் தெரியும், அதைத் தாண்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். 70 வருடப் பழைய கேமராவுக்கோ, ஒரு இசைத்தட்டின் முதல் அச்சுப் பதிப்புக்கோ, பிழையோடு அச்சான அஞ்சல்தலைக்கோ கடை விலை என்று ஒன்று இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிலையில் இருக்கும். கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்த லென்ஸும் படராத லென்ஸும் படத்தில் ஒரே மாதிரி தெரியும். அப்போது மதிப்பை எதை வைத்துக் கணிக்கிறோம்? மற்றவர்கள் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதை வைத்து. "இன்னொருவரும் 180 வரை வருகிறார் என்றால் இதில் ஏதோ இருக்கிறது" என்று தோன்றுகிறது. ஏலத்தில் ஒவ்வொரு கேட்பும் ஒரு சாட்சியம் மாதிரி. ஆள் வைத்துக் கேட்பவர் பணத்தை மட்டும் எடுப்பதில்லை, பொய்ச்சாட்சியும் சொல்கிறார். அந்த ஏலத்தின் முடிவு விலை பதிவாகி, அடுத்து அதே பொருளை வாங்க வருபவருக்கு அதுவே முன்மாதிரி விலையாகிறது. ஒரு பொய் அப்படியே சந்தைக்குள் ஊறிவிடுகிறது. சேகரிப்பாளனாக என்னை மிகவும் உறுத்துவது இந்த இரண்டாவது தீங்குதான்.

அனுபவப்பட்டவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஈபே 1995இல் தொடங்கியது. ஐந்தே வருடத்தில், 2000ஆம் ஆண்டு மே மாதம், உலகச் செய்தியான ஒரு ஏலம் அங்கே நடந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் ஓர் அரூப ஓவியத்தை விற்பனைக்கு வைத்தார். தொடக்க விலை 25 சென்ட். யார் வரைந்தது என்று அவர் சொல்லவே இல்லை. வீட்டுப் பழம்பொருள் விற்பனையில் எப்போதோ வாங்கியது என்று வெகுளி போல எழுதியிருந்தார். ஆனால் படத்தின் மூலையில் தெரிந்த எழுத்துகள், புகழ்பெற்ற ஓவியர் ரிச்சர்ட் டீபென்கோர்னின் கையொப்பம் என்று பார்ப்பவர்களைத் தாங்களாகவே நம்பவைத்தன. விலை 1,35,805 டாலருக்குப் போய் நின்றது. விற்றவரே வேறொரு கணக்கில் கேட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் ஈபே அந்த விற்பனையை ரத்து செய்தது. விசாரணையில், மூன்று பேர் பல பொய்க் கணக்குகள் வைத்து ஒருவர் பொருளுக்கு மற்றவர் விலை ஏற்றிவந்தது வெளிப்பட்டது. அந்த வழக்கறிஞர் 2001இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இந்த வழக்கில் நான் கவனிக்கச் சொல்வது அந்த வெகுளித்தனத்தை. "இதன் மதிப்பு எனக்குத் தெரியாது, தாத்தாவின் பெட்டியில் கிடந்தது" என்ற விவரிப்பு, வாங்குபவரைத் தான் ஒரு புதையலைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்க வைக்கிறது. கூடவே நாலு பேர் போட்டி போடுவது போலக் காட்டினால் அந்த நினைப்பு உறுதியாகிவிடுகிறது.

இன்னொன்று, பெரிய ஏல நிறுவனமே செய்தது. அமெரிக்காவில் விளையாட்டு நினைவுப் பொருட்களை ஏலம் விடுவதில் முன்னணியில் இருந்த மாஸ்ட்ரோ ஆக்‌ஷன்ஸ் நிறுவனத்தின் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2015இல் 20 மாதச் சிறை விதிக்கப்பட்டது. தன் ஏலங்களில் போலிக் கேட்புகளைப் புகுத்தி விலை ஏற்றியது ஒரு குற்றம். அதோடு, உலகின் மிகப் பிரபலமான பேஸ்பால் அட்டையான (ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை) ஹோனஸ் வாக்னர் அட்டையின் ஓரங்களை வெட்டிச் சீராக்கியதையும் அவர் ஒப்புக்கொண்டார். அந்த ஒரே அட்டை 1991இல் 4,51,000 டாலருக்கும் 2007இல் 28 லட்சம் டாலருக்கும் கைமாறியது. தரச்சான்று தரும் நிறுவனம் அதை உயர்ந்த தரம் என்று மதிப்பிட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைத்தும் கொடுத்திருந்தது. சான்றிதழ் இருக்கிறது, பெரிய பெயர் இருக்கிறது என்று இரண்டையும் நம்பிக் கேட்டவர்கள்தான் அங்கே போலிக் கேட்புகளுக்கு எதிராகப் போட்டி போட்டார்கள்.

சரி, அடையாளங்களுக்கு வருவோம். தோற்பதற்காகக் கேட்பவர் எப்படி நடந்துகொள்வார் என்று யோசித்தாலே பாதி தெரிந்துவிடும். கடைசி நிமிடத்தில் கேட்டால் ஜெயித்துவிடும் ஆபத்து இருப்பதால் ஏலத்தின் முற்பாதியிலோ நடுவிலோதான் கேட்பார். உங்களை முந்துவதல்ல, உங்களை உயர்த்துவதே நோக்கம் என்பதால் குறைந்தபட்சப் படிகளில் கேட்பார்; நீங்கள் கேட்டதும் சில நிமிடங்களில் பதிலுக்குக் கேட்பார். பல ஏலங்களில் பங்கெடுத்தும் வென்றதே இருக்காது. கேட்பதெல்லாம் ஒரே விற்பனையாளரின் பொருட்களாகவும், சம்பந்தமே இல்லாத பொருட்களாகவும் இருக்கும்: இன்று கைக்கடிகாரம், நாளை பொம்மை ரயில், மறுநாள் நாணயம். ஈபேயில் ஏல வரலாற்றைத் திறந்து ஒரு மறைபெயரைச் சொடுக்கினால், கடந்த 30 நாட்களில் அவர் எத்தனை முறை கேட்டிருக்கிறார், அதில் இந்த விற்பனையாளரின் பொருட்களுக்குக் கேட்டது எத்தனை சதவீதம், எத்தனை கேட்புகளைத் திரும்பப் பெற்றிருக்கிறார் என்பதெல்லாம் தெரியும். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் இருப்பதே தெரியாமல் ஏலம் கேட்கிறார்கள். முதலில் அதைத் திறந்து பார்க்கப் பழகுங்கள்.

ஆனால் இந்த அடையாளங்களில் எதுவும் தனியாக நின்றால் ஒன்றையும் நிரூபிக்காது. இங்கே நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் புதிதாக இதைக் கற்றுக்கொண்டவர்கள் கண்ணில் பட்ட எல்லோரையும் திருடன் என்று நினைக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். சின்னச் சின்னப் படிகளில் ஏறுவது ஏலத்துக்குப் புதியவர்களின் இயல்பான பழக்கம். தானியங்கிக் கேட்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாததால், முன்னிலைக்கு வரும் வரை ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அப்படித் தட்டியவர்களில் நானும் ஒருவன். ஒரே விற்பனையாளரிடம் கேட்பவர், அந்த விற்பனையாளர் மட்டுமே அந்த வகைப் பொருளை விற்கிறார் என்பதால் அங்கே இருக்கலாம். பழைய மையூற்றுப் பேனாக்களின் உதிரிபாகம் தேடுபவருக்கு இரண்டு மூன்று பேரைத் தவிர வேறு கதி இல்லை. பலமுறை தோற்பவர் சிக்கனமானவராக இருக்கலாம். வென்றவர் பணம் கட்டாததால் அதே பொருள் மறுபடி பட்டியலுக்கு வருவது விற்பவருக்கே நேர்ந்த தொல்லையாக இருக்கலாம்.

ஒன்றல்ல, பல அடையாளங்கள் சேர்ந்து, ஒரே விற்பனையாளரின் பல ஏலங்களில் திரும்பத் திரும்ப வந்தால்தான் சந்தேகத்துக்கு எடை கூடுகிறது. புதுக் கணக்கு, அதிகச் சதவீதம், வெற்றி மிகக் குறைவு, ஒரு பெரிய கேட்பு உடனே திரும்பப் பெறப்பட்டது, ஜெயித்த இரண்டு முறையும் அதே பொருள் அடுத்த வாரமே மறுபடி விற்பனைக்கு வந்தது. இத்தனையும் ஒன்றாகத் தெரிந்தால் நான் அந்த விற்பனையாளர் பக்கம் போக மாட்டேன். அதற்கு நிரூபணம் தேவையில்லை. வாங்காமல் இருப்பதற்கு யாரிடமும் நாம் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மறைபெயர் ஏன் வந்தது என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் ஈபேயில் கேட்பவர்களின் முழுக் கணக்குப் பெயரும் எல்லோருக்கும் தெரியும். சேகரிப்பாளர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு, "இந்த ஆள் எப்போதும் அந்த ஆளின் பொருளுக்குத்தான் கேட்கிறான்" என்று கவனித்துச் சொல்ல முடிந்தது. ஆனால் அதே பெயர்களைப் பிடித்துக்கொண்டு மோசடிக்காரர்கள் தோற்றவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினார்கள்: "ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், நீங்கள் கேட்ட விலைக்கே தருகிறேன், பணத்தை இந்த வழியாக அனுப்புங்கள்." அனுப்பியவருக்கும் அந்தப் பொருளுக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. இதைத் தடுக்க 2006, 2007 வாக்கில் ஈபே பெயர்களை மறைத்தது. ஒரு ஓட்டையை அடைத்ததில் இன்னொன்றைக் கவனிப்பது கடினமாகிவிட்டது. தளம் உள்நோக்கத்தோடு செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் விலை ஏறினால் தளத்தின் தரகும் ஏறுகிறது என்பதை மறக்கவும் முடியாது.

தோற்றவருக்கே பொருளைத் தர முன்வரும் இந்த 'இரண்டாம் வாய்ப்பு' இன்றும் உண்மையாகவே இருக்கும் ஒரு வசதிதான். வென்றவர் பணம் கட்டாவிட்டால் அடுத்தவருக்குத் தளம் வழியாகவே விற்பவர் தரலாம். ஆள் வைத்துக் கேட்டவர் தப்பித் தவறி ஜெயித்துவிட்டால் விற்பவர் தேடுவதும் இதே வழியைத்தான். உங்களுக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தால் முதலில் அது தளத்துக்குள்ளேயே வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால், உங்களைத் தோற்கடித்தவரின் வரலாற்றைத் திறந்து பாருங்கள். அந்த ஆள் சந்தேகத்துக்கு உரியவர் என்று பட்டால், அவருடைய கேட்புகளை மனதளவில் அழித்துவிட்டு விலை எங்கே நின்றிருக்கும் என்று கணக்கிடுங்கள். அந்த விலைக்குத் தந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

கேட்புகளை அழித்துப் பார்ப்பது என்பது வெறும் மனக்கணக்கு இல்லை, ஒரு நீதிமன்றமே செய்திருக்கிறது. ஜெர்மனியில் ஒருவர் பழைய கார் ஒன்றை ஈபேயில் 1 யூரோவுக்குத் தொடங்கினார். முகமறியாத ஒருவர் 1 யூரோ கேட்டார். அதற்கு மேல் கேட்டவர்கள் இரண்டே பேர்: வாங்க வந்த ஒருவரும், இன்னொரு கணக்கில் விற்பவரும். இருவருமாக விலையை 17,000 யூரோ வரை கொண்டுபோனார்கள். 2016இல் ஜெர்மனியின் உச்ச கூட்டாட்சி நீதிமன்றம், விற்பவர் தன் பொருளுக்குத் தானே கேட்டது எதுவும் செல்லாது என்றது. அவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது 1 யூரோவுக்கு அடுத்த படி, அதாவது 1.50 யூரோ. அந்த விலைக்கே ஒப்பந்தம் ஆகிவிட்டது, காரைத் தர முடியாததால் 16,500 யூரோ நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பு.

சட்டம் இதை இன்று நேற்று கண்டுபிடிக்கவில்லை. அஞ்சல்தலை ஏலம் நடந்த அதே 1893இல் பிரிட்டனில் வந்த பொருள் விற்பனைச் சட்டம், விற்பவர் கேட்கும் உரிமையை முன்கூட்டியே அறிவிக்காமல் தானோ ஆள் வைத்தோ கேட்கக் கூடாது என்றது. அதன் வழிவந்த இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தில் 64ஆம் பிரிவு, விலையை உயர்த்த விற்பவர் போலிக் கேட்பைப் பயன்படுத்தினால் வாங்கியவர் விரும்பினால் அந்த விற்பனையையே ரத்து செய்யலாம் என்கிறது. அமெரிக்க வணிகச் சட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு: ரத்து செய்ய விருப்பமில்லையென்றால், கடைசியாக நேர்மையாகக் கேட்கப்பட்ட விலைக்குப் பொருளை எடுத்துக்கொள்ளலாம். ஆக, விற்பவர் ஒரு குறைந்தபட்ச விலையைக் காப்பாற்ற நினைப்பதில் தவறில்லை; அதை வெளிப்படையாக ரிசர்வ் விலை என்று வைக்க வழி இருக்கிறது. திருட்டுத்தனமாகச் செய்வதுதான் குற்றம்.

ஏமாற்றுவது விற்பவர் மட்டும் அல்ல. வாங்குபவர்கள் கூட்டுச் சேர்ந்து செய்வதும் உண்டு: ஒருவர் மிகக் குறைவாகக் கேட்பார், கூட்டாளி வானளாவிய தொகை கேட்டு மற்றவர்களைப் பயமுறுத்தி விலக்குவார், முடியும் தறுவாயில் அந்தப் பெரிய கேட்பைத் திரும்பப் பெறுவார். பொருள் அடிமாட்டு விலைக்குப் போய்விடும். திரும்பப் பெறும் விதிகள் இறுகிய பிறகு இது குறைவு. வேறு ஏலத்திலிருந்து திருடிய படங்களைப் போட்டு இல்லாத பொருளை விற்பதும், மலிவான பொருட்களை நூறு முறை விற்று நல்ல பெயர் சேர்த்துக்கொண்டு திடீரென விலை உயர்ந்த கேமராக்களாகப் பட்டியலிடுவதும் பழம்பொருள் பிரிவில் அடிக்கடி நடப்பவை. இரண்டுக்கும் ஒரே கேள்வி போதும்: லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய தாளை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? பொருள் கையில் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால், எவ்வளவு தள்ளுபடி என்றாலும், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இனி நான் எப்படிக் கேட்கிறேன் என்று சொல்கிறேன். ஏலத்தைப் பார்ப்பதற்கு முன், அதே பொருள் அதே நிலையில் இதற்கு முன் விற்று முடிந்த விலைகளைப் பார்ப்பேன். கேட்கப்படும் விலைகளை அல்ல, விற்று முடிந்தவற்றை. மூன்று நான்கு வெவ்வேறு விற்பனையாளர்களுடையதாக இருந்தால் ஒருவரின் பொய் மொத்தக் கணக்கையும் கெடுக்காது. மற்றவற்றோடு ஒட்டாமல் உயரத்தில் நிற்கும் விலையைச் சேர்க்க மாட்டேன். பிறகு ஒரு தொகையை நோட்டுப் புத்தகத்தில் எழுதுவேன். எழுதிய பிறகுதான் இப்போதைய விலையையும் மற்றவர்களின் கேட்புகளையும் பார்ப்பேன். வரிசை மாறினால் என் தொகை என்னுடையதாக இருக்காது, அவர்கள் சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

அந்தத் தொகையை ஏலம் முடிய சில நொடிகள் இருக்கும்போது ஒரே முறை பதிவேன். ஸ்னைப்பிங் என்று இதற்குப் பெயர். சிலர் இதைக் குறுக்குவழி என்று குறை சொல்வார்கள். ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2002இல் ஈபேயையும் அன்றைய அமேசான் ஏலங்களையும் ஒப்பிட்டு எழுதினார்கள். ஈபேயில் ஏலம் குறித்த நேரத்தில் முடிந்துவிடும். அமேசானில் யாராவது கேட்டால் பத்து நிமிடம் யாரும் கேட்காத வரை நீண்டுகொண்டே போகும். கடைசி நேரக் கேட்பு ஈபேயில்தான் மிக அதிகம் என்றும், அனுபவசாலிகள் அதை இன்னும் அதிகம் செய்கிறார்கள் என்றும் அவர்கள் கண்டார்கள். காரணம் எளிது. மூன்று நாள் முன்னமே உங்கள் வரம்பைப் பதிந்தால், தடவிப் பார்ப்பவருக்கு மூன்று நாள் கிடைக்கிறது. ஐந்து நொடி முன் பதிந்தால் ஐந்து நொடிதான். நேரம் நீளும் தளங்களில் இந்த உபாயம் பலிக்காது. அங்கே நோட்டில் எழுதிய எண் மட்டுமே காவல்.

சந்தேகம் வலுத்தால் தளத்தில் புகார் கொடுங்கள். ஏல எண்கள், மறைபெயர்கள், கேட்ட நேரங்கள், திரும்பப் பெற்றவை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து ஒன்றாக வைத்து அனுப்புங்கள். இரு கணக்குகளும் ஒரே இணைய முகவரியிலிருந்து, ஒரே கருவியிலிருந்து, ஒரே வங்கி அட்டையோடு இயங்குகின்றனவா என்று பார்க்கத் தளத்தால் முடியும், நம்மால் முடியாது. விற்பவரின் பெயரைப் போட்டுப் பொதுவில் குற்றம் சாட்டுவதை நான் செய்ய மாட்டேன். நம் கையில் இருப்பது ஒரு வடிவம்தான். தவறாக இருந்தால் ஒரு நேர்மையான வியாபாரியின் பிழைப்பில் கை வைத்துவிடுவோம்.

அந்த 1950களின் லென்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. நோட்டில் அதன் வரியில் இரண்டு எண்கள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று நான் கொடுத்த விலை. மற்றது, அந்த ஏழு கேட்புகளையும் அடித்துவிட்டுப் பார்த்தபோது மிஞ்சியது. அதே மாதிரி லென்ஸ் அடுத்து ஏலத்துக்கு வந்தபோது நான் இரண்டாவது எண்ணிலிருந்துதான் தொடங்கினேன்.